லைன் அறுந்தால் யார் வருவார்?

(செட்டியார்பட்டியில் சிறுதொழில் செய்வோருக்காக நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

  

கல்வி உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கடன் என்று பேசுகிறவர்கள் இன்றைக்கு இன்டர்நெட் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் கடன் கேட்டு வருகிறவர்கள் தையல் மிஷின், ஓவர்லாக் மிஷின், துணி, நூல் என்று கணக்கு எழுதிக் கொண்டு வருவார்கள். இப்போது அந்தத் தாளில் 'நெட் கனெக்‌ஷன்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. "எந்தக் கம்பெனி நல்லது பாய்?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். கம்பெனிப் பெயரை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு தெருவில் நன்றாக ஓடுவது அடுத்த தெருவில் ஓடாது. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லலாம் என்றுதான் இந்தக் கூட்டம்.

நம் பகுதியின் தொழில் உங்களுக்குத் தெரியும். தளவாய்புரம், செட்டியார்பட்டி என்றால் நைட்டி. சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி. துணியை வெட்டுவதும் தைப்பதும் கையும் மிஷினும் செய்கிற வேலை. அதற்கு நெட் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லா வேலைக்கும் வேண்டும். மாடல் போட்டோ வாட்ஸ்அப்பில் போகிறது. ஆர்டர் அதிலேயே வருகிறது. பணம் யுபிஐயில் வருகிறது. மாதம் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் என்றால் அந்த வரம்பு 1 லட்சம். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். ஆக, நெட் இல்லை என்றால் தைத்த பண்டல் வாசலிலேயே கிடக்கும்.

கிடந்தும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர், பதினான்கு மிஷின் வைத்திருப்பவர். தீபாவளி ஆர்டர், கேரளாவுக்குப் போக வேண்டிய ஒன்றரை லட்ச ரூபாய் சரக்கு. 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டிருந்தார். அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு லைன் போனது. போன் செய்தால், "அண்ணே, மேலே ஃபைபர் கட், சாயங்காலம் ஆயிரும்" என்று பதில். தம் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தார். அதுவும் அதே கம்பெனி, அதுவும் சுற்றிக்கொண்டே நின்றது. மனைவி போனும் அதே கம்பெனி. இரவு ஒன்பது மணிக்குத்தான் பக்கத்து வீட்டுப் பையனிடம் வேறு கம்பெனி சிம் இருப்பது தெரிந்தது. இரண்டே நிமிடத்தில் இ-வே பில் எடுத்தார்கள். ஆனால் லாரி ஷெட் எட்டு மணிக்கே மூடியாகிவிட்டது. சரக்கு இரண்டு நாள் தாமதமாகப் போனது. வாங்கியவர் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பி வந்த நைட்டியைப் பொங்கல் வரை வைத்து, அசலுக்கும் குறைத்து விற்றார்.

300 எம்பிபிஎஸ் அவருக்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு எம்பிபிஎஸ்ஸிலும் குறைவு.

முதலில் இந்த எம்பிபிஎஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். (தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பும் இதுவும் ஒன்று போலவே இருக்கிறது, நம் பெரியவர் ஒருவர் "300 டாக்டரா?" என்று கேட்டார்.) இது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நம் போனில் ஒரு போட்டோ 5 எம்பி என்று காட்டுவது பைட் கணக்கு. எனவே 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் போகும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு 1995 ஆகஸ்டு 15-இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைக் கொண்டு வந்தபோது, டெலிபோன் லைனில் கரகரவென்று சத்தம் கேட்டு இணைப்புக் கிடைப்பதே பெரிய விஷயம். 2004-இல் அரசு வகுத்த கொள்கையில் 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதன் பெயர் பிராட்பேண்ட். 2023-இல்தான் அந்தக் குறைந்த அளவை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். இன்றைக்கு விளம்பரத்தில் வருகிற எண்கள் எல்லாமே நம் பில்லிங் வேலைக்கு மிக அதிகம்.

எண்ணில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஏறுகிற வேகம், அதாவது அப்லோடு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்குகிற வேகத்தை. வீட்டில் படம் பார்க்கிறவர்களுக்கு அது போதும். நாம் அனுப்புகிறவர்கள். ஒரு புது மாடலுக்கு 40 போட்டோ, ஒவ்வொன்றும் 5 எம்பி என்று வையுங்கள். மொத்தம் 200 எம்பி. அப்லோடு 10 எம்பிபிஎஸ் இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் போய்விடும். 1 எம்பிபிஎஸ்தான் என்றால் அரை மணி நேரம். பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனில் நெட் வைத்திருந்தவர்களுக்கு இந்த அவதி நினைவிருக்கும். ஃபைபரில் பெரும்பாலும் ஏறுவதும் இறங்குவதும் சமமாகத் தருகிறார்கள். ஆனாலும் "அப்லோடு எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்வது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. துணிக்காரரிடம் செய்கிறோம், நெட்காரரிடம் மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம்.

அன்லிமிடெட் என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அவ்வளவு யார் செலவழிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். கேமரா செலவழிக்கும். நான்கு சிசிடிவி கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வீதம் இரவும் பகலும் வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் மொத்தம் 8 எம்பிபிஎஸ். நொடிக்கு 1 எம்பி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. அதாவது நாளுக்கு 86 ஜிபி, மாதத்துக்கு ஏறத்தாழ 2600 ஜிபி. யாரும் பார்க்காத வராந்தாவைப் படம் பிடிப்பதற்கு மட்டும் இவ்வளவு! பதிவைக் கடைக்குள்ளேயே டிவிஆர் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது மட்டும் போனில் திறந்து பாருங்கள்.

இனி, ஏன் சாயங்காலம் மெதுவாகிறது? தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி ஒன்று, குழாய்கள் பல. எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டும். நம் தெருக்களில் வருகிற ஃபைபரில் ஒரே இழையை 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறார்கள். அந்த ஒரு இழையில் இறங்குவது சுமார் 2500 எம்பிபிஎஸ். 64 பேரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 தான் கிடைக்கும். அப்படி எல்லோரும் இழுப்பதில்லை, அதனால் ஓடுகிறது. பல இடங்களில் உண்மையான நெருக்கடி அதற்கும் மேலே இருக்கிறது. சிறிய ஆபரேட்டர் பெரிய கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கும் அளவு குறைவாக இருந்தால், இழை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. எனவே புது இணைப்பு வாங்குமுன், அதே ஆபரேட்டரிடம் வாங்கியிருக்கும் உங்கள் தெருக்காரர் ஒருவரிடம் போங்கள். மஃரிபுக்குப் பிறகு, இஷாவுக்குள் அவர் லைனில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குச் சோதித்தால் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.

பகிராத லைன் வேண்டும் என்றால் 'லீஸ்டு லைன்' என்று ஒன்று இருக்கிறது. சொன்ன வேகம் முழுக்க உங்களுக்கே. இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்ற ஒப்பந்தமும் உண்டு. விலை பல மடங்கு. நூற்பாலைக்கும் மருத்துவமனைக்கும் அது சரி. பத்துப் பதினைந்து மிஷின் ஓடுகிற இடத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தில் பாதிகூட ஆகாமல் செய்யக்கூடிய வேறு வழி இருக்கிறது. இரண்டு சாதாரண லைன்.

இரண்டு லைன் என்றதும், "எங்களிடம் இரண்டு கம்பெனி இருக்கிறதே" என்று சிலர் சொல்வீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கம்பெனி இரண்டாக இருக்கலாம், வழி ஒன்றாக இருக்கும். பி.எஸ்.என்.எல். ஃபைபரைக்கூடப் பல ஊர்களில் உள்ளூர் பங்குதாரர்கள், பெரும்பாலும் கேபிள் டிவி ஆபரேட்டர்கள்தான் வீடு வரை இழுத்துத் தருகிறார்கள். அவரே இன்னொரு கம்பெனி இணைப்பும் விற்கலாம். இரண்டு ஒயரும் ஒரே மின்கம்பத்தில் ஒன்றோடு ஒன்று கட்டித் தொங்கும். லாரியில் உயரமாகச் சரக்கு ஏற்றி வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் தெருத்தெருவாகத் தோண்டிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபிக்கு எந்தக் கம்பெனி ஒயர் என்று தெரியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா அருகே கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. வெவ்வேறு கம்பெனிகள், வெவ்வேறு கேபிள்கள்; ஆனால் இரண்டும் ஐரோப்பாவுக்குப் போகிற அதே பாதை. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் நெட் பல நாள் தள்ளாடியது. கிழக்கே சிங்கப்பூர் பக்கமாகவும் வழி வைத்திருந்த கம்பெனிகள் சமாளித்தன. 2011-இல் ஜார்ஜியா நாட்டில் 75 வயது மூதாட்டி ஒருவர் பழைய செம்பு தேடி மண்வெட்டியால் தோண்டியதில் ஃபைபர் அறுந்து, பக்கத்து ஆர்மீனியா நாடு ஐந்து மணி நேரம் நெட் இல்லாமல் கிடந்ததாகச் செய்தி வந்தது. (தாம் அறுக்கவில்லை என்று அந்த அம்மா சொன்னார்.) ஒரு நாட்டுக்கே ஒரே வழி என்றால் இந்தக் கதி. நம் கட்டடத்துக்கு எத்தனை வழி?

ஆகவே எங்கள் யோசனை இது. முதல் லைன் ஃபைபர். இரண்டாவது, ஒயரே இல்லாத வேறு கம்பெனி சிம். ஒரு 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் வாங்கி வைக்கலாம். முடியாவிட்டால், கணக்கு எழுதும் பிள்ளையின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டாலும் போதும். பில்லுக்கும் இ-வே பில்லுக்கும் மிகக் குறைந்த டேட்டாதான் ஆகும். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி சிம் மட்டும் வேண்டாம். செல்போன் டவரும் ஃபைபரில்தான் இணைந்திருக்கிறது. மேலே அறுந்தால் வீட்டு லைனும் டவரும் சேர்ந்தே படுக்கும். அந்த நைட்டிச் சகோதரருக்கு நடந்தது இதுதான். மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே ஃபைபரைக் கழற்றி வைத்து, சிம்மிலேயே ஒரு பில் போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்து மூன்று மாதமான சிம்மை நம்பி இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அறக்கட்டளை அலுவலகத்திலும் இது உதவியது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு லைன் போய்விட்டது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் இயந்திரம் மட்டுமே பேசியது. வேறு கம்பெனி சிம்மில் மாற்றி, மீதியிருந்த விண்ணப்பங்களை ஏற்றி முடித்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஃபைபர் வந்தது மறுநாள் லுஹருக்குப் பிறகு.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். லைன் அறுந்தால் யார் வருவார்? திட்டத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. வருகிறவர் இந்த ஊரில் இருக்கிறாரா, ராஜபாளையத்திலிருந்து வர வேண்டுமா, மதுரையிலிருந்தா? அறுந்த ஃபைபரை ஒட்டுகிற மிஷின் அவர்களிடமே உண்டா, அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வருவார்களா? கரண்ட் போனால் அவர்கள் அலுவலகத்தில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும்? வழியில் இழையைப் பிரிக்கிற சிறு பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை, அது ஃபைபரின் நல்ல குணம். ஆனால் அந்தப் பக்கம் ஆபரேட்டரின் மெயின் பெட்டிக்கும் இந்தப் பக்கம் நம் பெட்டிக்கும் வேண்டும். நம் பெட்டிக்குப் பெரிய யுபிஎஸ் வேண்டாம். 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். மாதம் 100 ரூபாய் அதிகம் கேட்டாலும், இரண்டு மணி நேரத்தில் ஏணியோடு வந்து நிற்கும் உள்ளூர்க்காரரையே எடுங்கள் என்போம். பெரிய பெயர் உள்ள கம்பெனியில் அப்படி ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

அக்கம்பக்கக் கிராம ஊராட்சிகளிலிருந்து வந்திருப்பவர்கள் தமிழ்நாடு ஃபைபர்நெட் உங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். செட்டியார்பட்டி பேரூராட்சி, அந்தத் திட்டம் முக்கியமாகக் கிராம ஊராட்சிகளுக்கானது.

பெயர் விஷயம் ஒன்று. பலர் வீட்டுப் பெயரில் இணைப்பு எடுத்துக் கடையில் ஓட்டுகிறீர்கள். நெட் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. இணைப்பு நிறுவனத்தின் பெயரில், உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். 1000 ரூபாய் திட்டத்தில் மாதம் 180, ஆண்டுக்கு 2160. ஒரு சிம் ரீசார்ஜுக்கு ஆகும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஸ்டேடிக் ஐபி வேண்டுமா என்று கேட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து திறக்க வேண்டியவர்களுக்குத்தான் அது தேவை. கேமராவைப் போனில் பார்க்க இப்போது பெரும்பாலும் வேண்டியதில்லை. கணக்குக் கம்ப்யூட்டரை அப்படி நேராக வெளியுலகத்துக்குத் திறந்து வைப்பது, கல்லாப்பெட்டியைத் தெருவில் வைப்பது மாதிரி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் திருடர்கள் அப்படித் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களைத்தான் தேடி அலைகிறார்கள்.

கட்டடத்துக்குள் வந்த பிறகும் பாதிக் குறை நம்முடையது. ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நெட் வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தால் என்ன பயன்? உயரத்தில், நடுவில் வையுங்கள். பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம், கேட்-6 ஒயர் போடுங்கள்; 100 மீட்டர் வரை ஓடும். வாசலில் இருக்கும் ஸ்டிக்கர் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். தைக்கிற பிள்ளைகளும் மதிய வேளையில் வீட்டாரோடு பேசத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க வேண்டாம். அவர்களுக்கு 'கெஸ்ட்' வைஃபை தனியாகக் கொடுங்கள். அது உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரைத் தொடாது.

குறை சொல்லியும் நடக்கவில்லை என்றால் கோபித்துக்கொண்டு கனெக்‌ஷனை மாற்றுவதற்கு முன் ஒரு முறை இருக்கிறது. புகார் செய்யும்போது டாக்கெட் எண் ஒன்று தர வேண்டும். வாங்கிக் குறித்து வையுங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. அதில் தீர்வு இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012-இல் டிராய் வகுத்த விதிப்படி இதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் எடுப்பதில்லை. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைக் குறைதீர்ப்பு தளத்தில் போடலாம்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். எந்தச் சமயத்தவரும் வரலாம், கட்டணம் இல்லை. வருகிறவர்கள் கடைசி மூன்று மாத நெட் பில்லையும், ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோவையும் கொண்டு வாருங்கள். உங்கள் வாசலுக்கு ஒயர் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, அதே கம்பத்தில் வேறு யார் ஒயர் தொங்குகிறது என்பதையும் ஒரு தடவை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.